ஊவாவில் சூரிய சக்தியால் நீரிறைத்தல்: அதன் நன்மையும் குறைபாடும்

ஊவா மாகாணத்தின் மலைப்பகுதிகளில் மரக்கறிச் செய்கை பண்ணும் கமக்காரருக்கு ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களும் சோதனைக் காலமாகும். ஐப்பசி முதல் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்று பதுளை மாவட்டத்துக்கு வேண்டிய மழையைக் கொணர்கின்றது. தென்மேல் பருவக்காற்றோ தன் மழையை மேற்குச் சரிவுகளிலே பொழிந்துவிட்டு, மலையைக் கடந்து ஊவாவை அடையும்போது வறண்ட காற்றாகவே வீசுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த மணம் இக்காற்றினாலும் வெயிலினாலுமே உண்டாவதாகும். ஆயின் தேயிலைக்கு மணமூட்டும் அதே காற்று வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும் போஞ்சிக் கொடியை வாட்டி, கோவா நாற்றைக் கருக்கிவிடுகின்றது. ஆகவே அம்மாதங்களில் ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ நீரிறைத்துப் பாய்ச்சாமல் மரக்கறி எடுத்தல் இயலாது.

இதுகாறும் இந்நீரைப் பெரும்பாலும் மண்ணெண்ணெய் இயந்திரமே இறைத்து வந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது இதன் ஆபத்து வெளிப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் ஒன்றுக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. நீர் ஓடையில் இருந்தும், அதை மேட்டுக்கு ஏற்ற வழியில்லாத நிலை உண்டாயிற்று. அதன் பின்னரே சூரிய சக்தியால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கமக்காரர் பலரும் விசாரிக்கத் தொடங்கினர்.

இவ்வியந்திரம் ஊவாவுக்கு ஒருவகையில் மிகவும் பொருத்தமானது. பயிர் நீருக்கு ஏங்கும் காலமும் வெயில் மிகுந்த காலமும் இங்கு ஒன்றாகவே வருகின்றன. மழைக்காலத்தில் முகில் மூடி இயந்திரம் ஓயும்போது இறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயின் வெயில் மிகுந்த அக்காலத்திலேதான் ஓடையிலும் கிணற்றிலும் நீர் மிகக் குறைந்திருக்கும் என்பதையும் கூடவே நினைவிற்கொள்ளுதல் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணாதவர் இயந்திரத்தை வாங்கலாகாது.

வெயிலின் பழைய பயன்

சூரிய சக்தி கமக்காரருக்குப் புதிய பொருளன்று. மகியங்கனைப் பகுதியில் நெல்லை உலர்த்துவதும் வெயிலே. அறுவடையின்போது நெல்லில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலாகவும் ஈரம் இருக்கும். களஞ்சியத்தில் வைப்பதற்கு அது பதினான்கு பங்குக்குக் குறைதல் வேண்டும். பாயிலோ சீமெந்துக் களத்திலோ இரண்டு அங்குலத் தடிப்பில் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிட்டால் போதுமானது. தார் வீதியில் உலர்த்துவோர், தார் மிகையாகச் சூடேறி அரிசியில் வெடிப்பை உண்டாக்குகின்றது என்பதையும், அந்நெல் ஆலையில் குறுணலாக உடைகின்றது என்பதையும் அறிதல் நன்று. விதைநெல்லைத் தார் வீதியில் ஒருபோதும் உலர்த்தலாகாது. மிகை வெப்பத்தினால் அதன் முளைக்கும் திறன் கெடும். இவ்வேலைக்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

மின்தகடு இயங்கும் விதம்

சோலார் தகடு எனக் கிராமங்களில் வழங்கும் சூரிய மின்தகடு, வெப்பத்தினால் அன்றி வெளிச்சத்தினால் மின்சாரத்தை உண்டாக்குகின்றது. வெளிச்சம் படும்போது சில பொருள்களில் மின்னோட்டம் பிறக்கின்றது என்பதை 1839ஆம் ஆண்டில் பெக்கரல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்டார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர், மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கன் என்னும் மூலப்பொருளைக் கொண்டு முதலாவது பயன்தரு தகட்டைச் செய்து காட்டினர். இன்றைய தகடுகளும் பெரும்பாலும் அதே வழியில் ஆனவையே.

தெளிந்த நண்பகல் வேளையில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாற்று வலுவுள்ள வெயில் விழுகின்றது. இன்றைய நல்ல தகடு அதில் ஐந்திலொரு பங்கை மின்சாரமாக்கும். தகடு சூடேறும்போது அதன் விளைவு குறைகின்றது. ஒவ்வொரு பாகை வெப்ப உயர்வுக்கும் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு இழக்கப்படும். ஆகையால் வெயில் ஒன்றாகவே இருப்பினும், பண்டாரவளையின் குளிர்ந்த காற்றில் வைத்த தகடு மகியங்கனையின் வெக்கையில் வைத்ததிலும் சற்று மிகுதியாகவே தரும்.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

வாங்குமுன் கமக்காரர் தாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். இக்கணக்குக்கு வேண்டியவை இரண்டே: நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரையுள்ள உயரம், நாளொன்றுக்கு வேண்டிய நீரின் அளவு.

வறண்ட காலத்தில் ஓர் ஏக்கர் மரக்கறிக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவு நீர் வேண்டுமெனக் கொள்ளலாம். அது ஏறத்தாழ 20,000 லீற்றராகும். 1,000 வாற்று வலுவுள்ள தகடுகள், தெளிந்த வெயில் நாளொன்றில், குழாயிலும் இயந்திரத்திலும் நேரும் இழப்புகள் போக, 20 மீற்றர் (ஏறத்தாழ 65 அடி) உயரத்துக்கு 25,000 லீற்றர் வரையில் ஏற்றும். உயரம் இருமடங்காயின் நீர் பாதியாகும். எனவே ஓடைக்கு அணித்தாயுள்ள ஓர் ஏக்கர் மரக்கறித் தோட்டத்துக்கு இத்தகைய சிறிய இயந்திரம் போதியதே. 130 அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டியவருக்கு அரை ஏக்கருக்கே அது காணும்.

நெல்லுக்கு இக்கணக்கு ஒத்துவராது. ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குல நீரை நிறுத்துவதற்கு ஏறத்தாழ 103,000 லீற்றர் வேண்டும். மேற்கூறிய இயந்திரம் நான்கு நாள் இடைவிடாது உழைத்தே அதனைத் தரும். அதற்குள் மலைச்சரிவுப் படிவயல்களில் பெரும்பகுதி கசிந்து கீழ்வயலுக்குப் போய்விடும். ஆகவே நெல்வயலுக்கு வாய்க்கால் நீரையே நம்புதல் வேண்டும். நாற்றுமேடையைக் காப்பாற்றுவதற்கு மட்டும் இவ்வியந்திரம் உதவலாம்.

முகில் மூடிய நாளில் விளைவு நாலிலொன்றாகவோ அதனிலும் குறைவாகவோ இறங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். இதற்குப் பரிகாரமாகச் சிலர் பற்றரியை வாங்க எண்ணுவர். அது தேவையற்றது. தோட்டத்தின் மேற்புறத்தில் ஒரு தொட்டியைக் கட்டி, பகலில் அதனை நிரப்பி, மாலையில் திறந்துவிட்டால் நீர் தானாகவே சரிவில் இறங்கிப் பாயும். மலைநாட்டுக் கமக்காரருக்கு இயற்கை அளித்த வசதி இதுவாகும். சமதரையில் உள்ளவருக்கு இது வாய்ப்பதில்லை. இரண்டு நாளைக்குரிய நீர் கொள்ளும் தொட்டியாயின் ஒருநாள் முகிலினால் பயிர் வாடாது. மாலையில் பாய்ச்சுவதால் ஆவியாகிப் போகும் நீரும் குறையும். தூவல் முறையில் பாய்ச்ச விரும்புவோர், அதற்கு வேண்டிய அழுத்தத்தைப் பெறுதற்குத் தொட்டி இன்னும் உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பதை மறக்கலாகாது. சொட்டு நீர்க் குழாய்களுக்கோ சிறிய உயரமே போதும்.

தகட்டை வைக்கும் இடம்

ஆண்டு முழுவதும் பயன்படும் தகட்டை இலங்கையில் தெற்கு நோக்கிச் சிறிது சரித்து வைப்பது வழக்கம். ஆயின் நீரிறைக்கும் தகடு உழைக்க வேண்டிய காலம் வேறு. சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்பிருந்து ஆவணி நடுப்பகுதி தாண்டும் வரையில் சூரியன் நம் தலைக்கு வடக்கேயே செல்கின்றது. ஆனி மாதத்தில் தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சரித்து வைத்த தகடு, கிடைக்கக்கூடிய வெயிலில் ஒரு பங்கை வீணாகவே இழக்கும். இதனை அறியாது, கூரையில் பொருத்துவது போலவே தோட்டத்திலும் பொருத்துவோர் உளர். மழைநீர் தூசியைக் கழுவிச் செல்வதற்கு வேண்டிய பத்துப் பாகைச் சரிவு மட்டும் இருந்தாற் போதும். வறண்ட காலத்துக்கு மாத்திரம் இறைப்பவர் அச்சரிவை வடக்கு நோக்கி வைப்பது நன்று.

நிழல் இதனிலும் பெரிய தீங்கு. தகட்டிலுள்ள கலங்கள் சங்கிலி போல் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. ஆகையால் ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அத்தகட்டின் விளைவில் பெரும்பகுதி குன்றும். நமுனுகுலை, மடுல்சீமை போன்ற இடங்களில் கிழக்கு மலையின் நிழல் காலை எட்டு ஒன்பது மணி வரையில் பள்ளத்தாக்கில் கிடப்பதும், தேயிலை மலையின் நிழல் மரங்கள் தோட்டத்தின்மேல் கவிவதும் உண்டு. வாங்குமுன், வைக்க எண்ணிய இடத்தில் ஒரு கம்பை நட்டு, காலை முதல் மாலை வரையில் எத்தனை மணி நேரம் அங்கு வெயில் படுகின்றது எனக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை வெயில் படாத இடம் ஏற்றதன்று.

செலவும் பழுதும்

இவ்வியந்திரத்தின் முதன்மையான குறைபாடு, பல ஆண்டுகளின் எரிபொருட் செலவை முதல் நாளிலேயே ஒருமிக்கக் கொடுக்க வேண்டியிருப்பதாகும். இது தகுமா என்பதை அறிய, கமக்காரர் ஒரு போகம் முழுவதும் தாம் வாங்கிய மண்ணெண்ணெயின் அளவையும் விலையையும் கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டில் மூன்று மாதம் மட்டும், அதுவும் கால் ஏக்கருக்கு இறைப்பவர், பழைய இயந்திரத்தைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதே இலாபமாகலாம். மூன்று நான்கு குடும்பங்கள் ஒரே ஓடையில் இறைப்பவராயின், கூட்டாக வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தல் சிறந்தது.

தகடு இருபத்தைந்து ஆண்டு வரையில் உழைக்கும். நீரிறைக்கும் பொறியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அத்துணைக் காலம் உழையா. விற்பவர் தகட்டின் ஆயுளையே கூறுவர். பொறியின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்ப்பவர் பதுளையில் உள்ளாரா கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்பதை வாங்குபவரே கேட்டல் வேண்டும். ஆடி மாதத்தில் பத்து நாள் பொறி நின்றால் அப்போகம் போயிற்று.

இவ்விடயத்தில் நம் நாட்டுக்கு ஒரு முன் அனுபவம் உண்டு. 1997ஆம் ஆண்டு தொடக்கம் உலக வங்கியின் கடனுதவியுடன், மின்சாரம் எட்டாத கிராமங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சூரிய விளக்குகளைப் பெற்றன. ஊவாவிலும் பல குடும்பங்கள் தவணைக் கடனில் வாங்கின. குப்பி விளக்கின் புகையில் படித்த பிள்ளைகள் நல்ல வெளிச்சத்தில் படித்தனர் என்பது மெய். ஆயின் சில ஆண்டுகளில் பற்றரி செயலிழந்தது. புதிது வாங்கும் செலவை முன்னரே எவரும் கணக்கிட்டிருக்கவில்லை. பின்னர் மின்சாரக் கம்பி ஊருக்கு வந்தபோது பலர் அத்தகடுகளைக் கைவிட்டனர். நீரிறைப்புக்குப் பற்றரி வேண்டாம் என மேலே கூறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமுழக்கம் ஊவாவில் வழமையானது. மின்னல் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுக்கக்கூடும். ஆதலால் நிலத்தொடுப்புக் கம்பி அவசியம். இறைப்பு முடிந்த காலத்தில் இணைப்பைக் கழற்றி வைத்தல் நன்று. வெயில் படும் வரையில் தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். பல தகடுகளைத் தொடுத்த கம்பி உயிரைப் போக்கவும் வல்லது. ஈரக் கையினால் அதனைத் தொடலாகாது. வேலை செய்ய நேர்ந்தால் தகட்டைச் சாக்கினால் மூடியபின்னரே செய்தல் வேண்டும்.

கட்டணமில்லா வெயிலும் அளவுள்ள நீரும்

மேற்கூறியவை எல்லாம் பணத்தாலும் கவனத்தாலும் தீர்க்கக்கூடிய குறைகள். அவ்வாறு தீராத குறையொன்று உண்டு. அதனைப் பற்றி விற்பனையாளர் பேசுவதில்லை.

மண்ணெண்ணெய் இயந்திரத்தை வைத்திருப்பவர் ஒவ்வொரு மணிக்கும் எரிபொருளுக்குப் பணம் கொடுக்கின்றார். அதனால் பயிருக்குப் போதுமான நீர் பாய்ந்தவுடன் நிறுத்திவிடுகின்றார். சூரிய இயந்திரத்துக்கு அத்தகைய தடை இல்லை. காலையில் வெயில் ஏறும்போது தொடங்கி, மாலை வரையில் தானாகவே இறைத்துக்கொண்டிருக்கும். நிறுத்துவதனால் மிச்சமாவது எதுவும் இல்லை. ஆதலால் நிறுத்துவாரும் இல்லை. தொட்டி நிரம்பி வழிந்தாலும், உடையவர் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுபோயிருப்பார். அவ்வேளையில் ஓடையின் கீழ்ப்பக்கத்தில் உள்ளவரின் கறிமிளகாய் வாடிக்கொண்டிருக்கும். ஒரே சிற்றோடையில் ஐவர் இத்தகைய இயந்திரத்தைப் பொருத்தினால் ஆறாமவருக்கு ஈர மணலே மிஞ்சும். தோட்டக் குடியிருப்புகள் பலவற்றிலும் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் பீலி நீரையே நம்பியிருப்பதால், இது பயிரோடு மட்டும் நிற்கும் விடயமன்று.

கிணற்று நீரும் எல்லையற்றதன்று. மலைப்பாறையின் வெடிப்புகளில் தங்கிய நீரே ஊவாவின் ஊற்றுகளாகவும் கிணறுகளாகவும் வெளிப்படுகின்றது. அந்நீர் எத்துணை விரைவில் இறங்கிவிடக்கூடும் என்பதைப் பண்டாரவளைப் பகுதி மக்கள் நேரிற் கண்டுள்ளனர். உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் வெட்டப்பட்டபோது, 2014 டிசம்பரிலும் 2017 ஏப்ரலிலும் நிலத்தடி நீர் சுரங்கத்தினுள் பெருக்கெடுத்தது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. சிறிய நீரிறைக்கும் இயந்திரத்தைப் பெருஞ் சுரங்கத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. எனினும் நீர் பாறைக்குள் ஒரே தொடர்பாக உள்ளது என்பதும், ஓரிடத்தில் மிகையாக வெளியேறினால் வேறோரிடத்தில் கிணறு வற்றக்கூடும் என்பதும் அங்கு புலனாயிற்று.

இந்தியாவிலும் இதே கவலை எழுந்துள்ளது. அங்கு 2019இல் தொடங்கிய மத்திய அரசாங்கத்தின் திட்டத்தினால் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சூரிய இயந்திரங்கள் மானியத்தோடு வழங்கப்படுகின்றன. நிலத்தடி நீர் ஏற்கனவே தாழ்ந்த மாநிலங்களில் இது நிலைமையை மேலும் கெடுக்குமோ என நீரியல் அறிஞர் அஞ்சுகின்றனர். குஜராத் மாநிலத்தின் துண்டி என்னும் சிற்றூரில் 2016ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி பரிசோதிக்கப்பட்டது. நமது பத்தரமுல்லையில் தலைமையகத்தைக் கொண்டுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் அதற்கு உதவியது. அவ்வூர்க் கமக்காரர் சிலர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, பாசனத்துக்கு வேண்டியது போக மிஞ்சிய மின்சாரத்தை மின்சாரக் கம்பனிக்கு விற்றனர். இயந்திரத்தை நிறுத்தினால் பணம் வரும் என்றானபோது, நிறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டாயிற்று.

ஊவாவின் தனித்தனித் தோட்டங்களுக்கு அத்தகைய இணைப்பு எளிதில் வாய்க்காது. எனவே இங்கு செய்யக்கூடியவை வேறு. தொட்டி நிரம்பியதும் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் மிதவை ஆளியைக் கட்டாயம் பொருத்துதல் வேண்டும். அதன் விலை மிகச் சிறிது. கிணற்றில் நீர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் நிறுத்தும் கருவியும் உண்டு. அது பொறியையும் எரியாமற் காக்கும். தேவையிலும் பெரிய இயந்திரத்தை மலிவென்று வாங்கலாகாது. ஓடையில் இறைப்போர் கமக்காரர் அமைப்பில் கூடி, ஆனி பிறக்குமுன் இன்னாருக்கு இன்ன நாள் என முறை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். நெல்வயலுக்கு வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிடும் வழக்கம் நம்மவருக்குப் புதிதன்று; மேட்டுப் பயிருக்கு அது இதுவரை வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே.

தோட்டக் குடியிருப்பாளர் கவனத்துக்கு

தேயிலைத் தோட்டங்களில் லயங்களை அடுத்த சிறு துண்டு நிலங்களில் மரக்கறி செய்வோரின் நிலைமை வேறு. அந்நிலத்துக்கு அவர்களிடம் உறுதி இல்லை. வீட்டுக்கென ஏழு பேர்ச் காணி பெற்ற குடும்பங்களும் மரக்கறி நிலத்தைப் பெரும்பாலும் நிருவாகத்தின் இணக்கத்தின்பேரிலேயே பயிரிடுகின்றன. உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைத்தல் அரிது. கடன் பெற்றாலும், நிலத்தை மீளக் கேட்டால் சீமெந்தினால் கட்டிய தூணும் தொட்டியும் அங்கேயே கிடந்துவிடும். இத்தகையோர் தகட்டைக் கழற்றக்கூடிய இரும்புச் சட்டத்தில் ஆணிபூட்டி வைத்தலும், கட்டிய தொட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்திக் தொட்டியைப் பயன்படுத்தலும், பீலியிலிருந்து நீரெடுப்பதற்குத் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எழுத்தில் பெறுதலும் வேண்டும். வாய்ச்சொல் அனுமதி துரை மாறும்போது மாறிவிடும்.

வீட்டுக் கூரையில் தகடு பொருத்தி மின்சாரத்தை விற்பதைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 2016இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தினால் இது நாடெங்கும் பரவியது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. குரங்கின் கைவரிசை மரக்கறித் தோட்டத்தோடு நில்லாது போலும். மின்பாவனை குறைந்த அந்நாளில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததால் மின்வலையமைப்பு தளம்பலைத் தாங்கவில்லை என இலங்கை மின்சார சபை விளக்கியது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறும் சபை கேட்டுக்கொண்டது. தோட்டத்தில் தனித்து நின்று நீரிறைக்கும் தகட்டுக்கு இத்தொல்லை எதுவும் இல்லை.

இயந்திரம் வாங்க எண்ணும் கமக்காரர், நீர்நிலையிலிருந்து தொட்டி வைக்கும் இடம் வரையுள்ள உயரத்தையும், புரட்டாதி தொடக்கத்தில் ஓடையில் ஒரு வாளி நிரம்ப எத்தனை வினாடி செல்கின்றது என்பதையும், கம்பு நட்டுக் கண்ட வெயில் மணிக் கணக்கையும் எழுதிக்கொண்டு தமது கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரைக் காணலாம்.